முன்னால் ஒரு மிருகம் நின்றால்

நாலு வருஷமாக வீட்டடிச் சந்து ஒழுங்கைக்குள் லைசென்ஸ் இல்லாமல் ஸ்கூட்டி ஓடிய ஒருத்தி, ஸ்கூட்டி ஓடுவது எப்படி என்று புத்தகம் பார்த்துப் பாடமாக்கினதை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அது நான்தான். லைசென்ஸ் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிற எல்லோருக்கும் என் கதை ஆறுதலாக இருக்கும்.

ரவுனில், கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும், எல்லோரும் 'நானா' என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனிடம் வேலை கேட்டுப் போயிருந்தேன். வீடுகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. கடை வாசலில் உறை போட்டு மூடிய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கும். நானா மிதிக்கிற சைக்கிளில்தான் வருவார். அவர் சொன்னது இதுதான்: "இந்த மாசத்துக்குள்ள எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணிட்டு வாங்க புள்ள, ஓட்டிக் காட்டுற ட்ரயல் முடியுமட்டும் கவுண்டரில நிக்கலாம். இல்லாட்டி நான் வேற ஆளைப் பாக்கணும்."

குசினிச் சுவர்

பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை எழுதினதோடு புத்தகத்தை மூடினவள் நான். சமைக்கும்போதும் படிக்கலாமே என்று வீதிச் சின்னங்களை வெட்டி, ரொட்டிக்குக் குழைத்த மாவாலேயே குசினிச் சுவரில் ஒட்டினேன். விடியப் பார்த்தால் "உட்செல்லத் தடை" சின்னத்துக்குள் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று பார்த்த என் கணவர் சொன்னார்: "உன்ர சட்டத்தை எறும்பே மதிக்குதில்லையே!"

பஸ்ஸுக்கு வழி

மகளை நித்திரையாக்கிக்கொண்டே இவர் கேள்வி கேட்பார். "சுற்றுவட்டத்தில ஆருக்கு முதல் வழி விடவேணும்?" நான் யோசிக்கவே இல்லை. "பஸ்ஸுக்கு."

புத்தகத்தில் வலப்பக்கத்தால் வருகிற வாகனத்துக்கு என்று இருந்தது. கண்டி வீதியில் ஒருநாள் போய்வந்த எவரும் எனக்கு முழுப் புள்ளி போட்டிருப்பார்கள். இவர் போடவில்லை. "நீ பஸ்ஸுக்கு விடுறது பயத்தில. பரீட்சையில பயத்துக்குப் புள்ளி இல்லை."

தம்பலகாமத்து அண்ணை

லைசென்ஸ் பரீட்சைக்குப் போன வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் தம்பலகாமத்து அண்ணை ஒருவர். வயலில் ட்ரக்டர் ஓடியே தலை நரைத்தவர். "முன்னால் ஒரு மிருகம் நின்றால் என்ன செய்வீர்கள்?" என்று படிப்பிக்கிற சேர் கேட்டார். "ஹோன் அடிப்பன்" என்றேன் நான். எங்கள் ரவுனில் ஆடு மாடுபோல வீதியோரம் படுத்திருக்கிற மான்கள் அதற்கும் எழும்பாது, அது வேறு கதை. சரியான விடை, வேகத்தைக் குறைத்துத் தேவைப்பட்டால் நிறுத்துவது.

சேர் அண்ணையைப் பார்த்தார். அவர் பேனையை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "சேர், யானையோ மாடோ எண்டும், அது எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்குது எண்டும் கேள்வியில போடேல்லையே!"

பரீட்சை நாள்

மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. விட்டால் வேலை போய்விடும். இருபதாவது கேள்வியோ என்னவோ, அதே மிருகம் வந்து நின்றது. கை தானாக ஹோன் என்ற விடைக்குப் போனது. இழுத்துப் பிடித்து, வேகத்தைக் குறைத்தேன். முடிவை அங்கேயே சொன்னார்கள்: பாஸ்!

வெளியே வந்தால் அண்ணையின் முகத்திலும் சிரிப்பு. "மிருகத்துக்கு என்ன போட்டீங்கள் அண்ணை?" என்று கேட்டேன்.

"மாடு எண்டு நினைச்சுப் போட்டனான் தங்கச்சி."

உறைக்குள் இருந்தது

பாஸ் என்று தந்த துண்டுக் காகிதத்தை நானாவிடம் நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். "நாளைக்கு வாங்க" என்றார். எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. கடையில் நின்ற கடைசி ஆளுக்கும் நானா மருந்தைக் கொடுத்து அனுப்பினார். பிறகு வாசலில் நின்ற அந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார்.

இந்தப் பரீட்சைக்குப் பயப்படாத ஆளே இல்லை, சிலர் அந்தப் பயத்துக்கு உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"புள்ள," என்றார் மெதுவாக, "அந்தப் புத்தகத்தை எனக்கு ஒருக்காத் தாங்களேன். எங்கட ஊட்டில ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க."