நனைத்த தீனி

ஆராய்ச்சிக்கூடத்தில் வளரும் எலிக்குத் தீனி தரையில் கிடைக்காது. கூண்டின் மேல்மூடி கம்பியால் ஆனது. அதன் குழிவில் விரல் கனத்தில் தீனித் துண்டுகளைப் போடுவோம். எலி பின்னங்கால்களில் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து கொறிக்க வேண்டும். எழுந்து நிற்க முடியாத எலி நிறைந்த தீனிக்குக் கீழேயே பட்டினி கிடக்கும்.

திருவனந்தபுரத்தில் அப்படியொரு கூடத்தில் எனக்கு வேலை. கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்ப் பாட்டில் நிரப்புவது, வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதுவது. வீடு குன்னத்துகாலுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் பாறசாலைக்கு வந்து ரயில் பிடிப்பேன். படித்தது பத்தாம் வகுப்பு வரை, தமிழ் வழியில். நாலு பேர் நடுவே வாய் திறக்க எனக்கு எப்போதுமே கூச்சம். எலிகளிடம் பேச வேண்டியதில்லை என்பதால் இந்த வேலை பிடித்திருந்தது.

போன வருஷம் மழை தொடங்கிய சமயத்தில் ஒரு புதிய கூட்டம் எலிகள் வந்தன. பிறக்கும்போதே தசை தேயும் நோய் உள்ளவை. ஆராய்ச்சி செய்யும் மேடம் என்னைவிட இருபது வயதாவது இளையவர். அவர் என்னைச் சேட்டா என்பார், நான் அவரை மேடம் என்பேன். அவர் கூண்டுகளைக் காட்டி விளக்கினார். பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் திரவம். எது எது என்று எடை போடுகிறவருக்குத் தெரியக் கூடாது. முதலில் கால் தளரும், அப்புறம் முன்னங்கால், கடைசியில் இதயம், ஏனென்றால் இதயமும் ஒரு தசைதானே என்றார். முதல்முறை கேட்பவன்போலத் தலையாட்டினேன்.

என் தம்பிக்கு அந்த நோய். அதே நோய்க் குடும்பத்தைச் சேர்ந்த, கொஞ்சம் மெதுவாக ஏறும் வகை. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூட மைதானத்தில் அடிக்கடி விழ ஆரம்பித்தான். இப்போது முப்பத்து மூன்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டின் முன்னறையில் போன் பழுது பார்க்கிறான். கை வாய்வரை உயராது. மென்றால் தாடை சோர்ந்துவிடும். பகலில் என் மனைவியும் சாயங்காலம் நானும் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டுவோம். சென்ற வருஷம் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தபோது, இதயம் சுருங்குவது குறைய ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

வேலை இடத்தில் தம்பியைப் பற்றிச் சொல்லவில்லை. வீட்டில் அந்த எலிகளைப் பற்றிச் சொல்லவில்லை. அங்கே சொன்னால் அந்த அறையிலிருந்து மாற்றிவிடுவார்களோ என்று பயம். இங்கே சொன்னால் அவன் ஆசைப்படத் தொடங்குவானோ என்று அதைவிடப் பெரிய பயம்.

ஆறாவது வாரம் சில எலிகள் எழுந்து நிற்பதை விட்டன. கம்பியைப் பார்த்து மூக்கை உயர்த்தும், அவ்வளவுதான். எடை குறைந்தால் உடனே மேடத்திடம் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒரு அளவுக்குக் கீழே போனால் அந்த எலியை மயக்கி முடித்துவிடுவார்கள். அது வலியில்லாமல் நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு திங்கட்கிழமை, யாரும் இல்லாத நேரத்தில், இரண்டு துண்டுத் தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து, ஒரு கூண்டின் தரையில் வைத்தேன். எலி மூடிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து தின்றது. மறுநாள் இரண்டு கூண்டு. பிறகு ஐந்து. எடை குறையவில்லை. நான் எழுதிய எடை எல்லாம் சரியான எடைதான். யாரையும் ஏமாற்றுவதாக எனக்குத் தோன்றவே இல்லை.

நான்காவது மாதம், சோதனை பாதி முடிந்த நிலையில், கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். மேடம் தாழ்வாரத்தில் நின்று போனில் யாரிடமோ மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காத எலிக்கும் எடையில் வித்தியாசமே இல்லையாம். இந்த மருந்தை இத்துடன் விட்டுவிடலாம் என்று கூடத்தின் தலைவரான சார் சொல்கிறாராம்.

நான் கையில் தண்ணீர்ப் பாட்டில்களோடு நின்றேன். தளர்ந்த எலிகளுக்கு மட்டும்தான் நான் ஊட்டினேன். மருந்து வேலை செய்கிறது என்றால் தளர்ந்தவை பெரும்பாலும் மருந்து கிடைக்காதவையாகத்தானே இருக்கும்? அவற்றை நான் தூக்கி நிறுத்தி, மருந்து கிடைத்தவற்றுக்குச் சமமாக்கிவிட்டேன். மருந்து உண்மையிலேயே பலிக்காததாகவும் இருக்கலாம். நான் செய்த காரியத்தால் இப்போது யாருக்கும் அது தெரியாது.

அன்று ரயிலில் உட்கார முடியவில்லை. நெய்யாற்றின்கரையில் கூட்டம் இறங்க, நானும் இறங்கிவிட்டேன். வண்டி போன பிறகுதான் அது என் ஊர் இல்லை என்று உறைத்தது. பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அடுத்த மூன்று நாளும் மேடத்தின் அறைக்கு மாடியேறினேன். கதவருகே போனதும் வேறு ஏதோ வாயில் வந்தது. கையுறை தீர்ந்துவிட்டது என்றேன். மறுநாளும் கையுறை. மூன்றாம் நாள் அவர் ஒரு பெட்டி முழுவதையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பிக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"மூணு நாளா சோத்துல உப்பில்ல. உனக்க மொகத்துலயும் இல்ல. என்ன அண்ணா?"

"ஒண்ணும் இல்லலே. வாயத் தொற."

"ஒண்ணும் இல்லாத்த ஆளு நான் போன் அடிச்சா எடுக்க மாட்டானா? ஆபீஸுல வல்ல பிரச்சினையும் உண்டா?"

வாயைத் திறக்க மாட்டேன் என்று தலையைத் திருப்பிக்கொண்டான். சொன்னேன். எலிகள் என்ன எலிகள் என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரித்துச் சிரித்து இருமினான்.

"எலிக்கு எனக்க சூக்கேடா! பாவம், அதுக்கு வீல்சேரு கூட கிடையாதே."

"களியாக்காதே மக்கா."

"நானா களியாக்குறேன்? இத்தன மாசம் எனக்கு தெரியாம எனக்க சூக்கேடுக்கு சோறு ஊட்டிட்டு வந்திருக்கே. அந்த மருந்து எனக்கு கிடைக்குமா?"

"எலிக்கு செரியானா பின்ன பெரிய மிருகத்துக்கு கொடுத்துப் பாப்பாவ. பின்னயாக்கும் மனுஷனுக்கு. வருஷக்கணக்கா ஆவும். கிடைக்குமோ என்னமோ."

"இப்ப எலியிலயே நிக்குது. நீ நிப்பாட்டி வச்சிருக்கே."

"சொன்னா வேலை போவும்."

"போனா வேற வேலைக்குப் போ. நான் வேற நெஞ்சுக்கு எங்க போவேன்?" அவன் இப்போது சிரிக்கவில்லை. "ஊருல உள்ளவனுக்கெல்லாம் கிடைக்கட்டும்னு நான் பெரிய மனுஷன் மாதிரி பேச மாட்டேன், கேட்டியா? எனக்கு வேணும். எனக்காக்கும் வேணும். நீ நாணிச்சு நிக்கது வரைக்கும் எனக்க ஹார்ட்டு காத்து நிக்காது."

கையில் உருட்டிய சோறு அப்படியே இருந்தது. அவன் வாயைத் திறந்தான். ஊட்டினேன்.

திங்கட்கிழமை மாடியேறினேன். மேடம் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி, "இனியும் க்ளவ்ஸ் வேணோ சேட்டா?" என்றார்.

"வேண்டா" என்றேன். பிறகு சொல்லிவிட்டேன்.

எந்தெந்தக் கூண்டு என்று கேட்டார். தாளைப் பார்க்காமல் ஐந்து எண்களையும் சொன்னேன். எந்த நாள் முதல் என்று கேட்டார். அதையும் சொன்னேன். "எந்தினா சேட்டா?" என்றார். ஏன் செய்தீர்கள் என்ற அந்த ஒரு கேள்விக்கு எனக்கு மலையாளம் வரவில்லை.

"எனக்க தம்பிக்கும் இதே சூக்கேடாக்கும்" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "என்டெ நாலு மாசம், சேட்டா" என்றார். அதுவரை அது அவருடைய நான்கு மாதமும்கூட என்று நான் யோசிக்கவே இல்லை.

எழுதித் தரச் சொன்னார். கீழே போய்த் தமிழில் எழுதிக் கொண்டுவந்தேன். அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. நீங்களே வாசித்து மலையாளத்தில் சொல்லுங்கள், நான் அடிக்கிறேன் என்றார். ஒரு வாக்கியம் வாசித்து, ஒரு வாக்கியம் மாற்றிச் சொல்லி, ஒன்றரைப் பக்கம். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் ஒரு ஆளின் முன்னால் நான் பேசியதில்லை. நடுவே நிறுத்தி, ஒரு வேளைக்கு எவ்வளவு தீனி என்று கேட்டார். எலிக்கு இரண்டு துண்டு என்றேன். அதையும் அடித்துக்கொண்டார்.

அந்தக் கூட்டம் முழுவதையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மருந்தை விடுவதா வேண்டாமா என்ற பேச்சு நின்று, புதிதாகத் தொடங்குவது என்று முடிவானது. சார் என்னைக் கூப்பிட்டு, நீயாகச் சொன்னதால் வேலையில் இரு, தீனியை மட்டும் இனி தினமும் எடை போட்டு எழுத வேண்டும் என்றார். வியாழக்கிழமை அந்த எலிகளை முடித்தார்கள். கூண்டுகளை முடிக்கும் அறைக்கு வேறு யாராவது கொண்டுபோகட்டும் என்று மேடம் சொன்னார். நானே கொண்டுபோனேன். அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடிகிறது.

திரும்பி வரும்போது மாடிப்படியில் மேடம் எதிரே வந்தார். ஒரு கேள்வி இருந்தது. இந்த முறை கையுறை வாயில் வரவில்லை. எல்லாக் கூண்டுக்கும் ஒரேபோல நனைத்த தீனி வைத்தால் கணக்கு கெடுமா என்று கேட்டேன். அவர் படியிலேயே நின்றார். கெடாது, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் தொடங்கி, எடை போட்டு எழுதி வைக்க வேண்டும், அதற்கு விலங்குச் சோதனைக் கமிட்டியின் அனுமதி வேண்டும் என்றார். கையிலிருந்த தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அனுமதி வர ஐந்து வாரம் ஆனது.

இப்போது புதிய கூட்டம் ஏழாவது வாரத்தில் இருக்கிறது. எல்லாக் கூண்டிலும் பாட்டில் மூடி இருக்கிறது. சில எலிகள் எழுந்து நின்றும் கொறிக்கின்றன, சில மூடியைவிட்டு நகர்வதில்லை. எது மருந்து குடித்தது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. கூண்டைத் திறக்கும்போதெல்லாம் ஊகிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஊகிக்கிறேன்.

தம்பி தினமும் சாயங்காலம் கேட்பான், "இன்னைக்கு எத்தன எழும்பி நின்னுது?" கூடத்தில் நடப்பதை வெளியே சொல்லக் கூடாது. தெரியாது என்பேன். அவனுக்கு இப்போது சின்ன ஸ்க்ரூவைக் கழற்ற இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.

நேற்று அவன் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து, வாய் துடைத்துவிட்ட பிறகும் கேட்கவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்னலே, இன்னைக்கு கேக்கல்ல?"

"என்னத்துக்கு? தெரியாதுன்னுதானே சொல்லுவே."

"ஆமா, அப்பிடித்தான் சொல்லுவேன். இருந்தாலும் நீ கேளு."