பதினோராம் இதழில் அறுந்த கோடு

கடைசல்காரருக்கு வயது ஐம்பத்து மூன்று. லேத் பட்டறையில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்ததில் கால் இரண்டும் வில்லாகிவிட்டன. கண் மட்டும் கழுகுக் கண். நூலிழை பிசகினாலும் இரும்பைத் தூக்கிக் கடாசிவிடுவார். ஆள் முசுடு. வேலை கொடுத்தவர் அவசரப்படுத்தினால் மிஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குக் காகிதப் பைத்தியம் பிடித்தது ஒரு பேரிங்கால். யாரோ ஒருவர் பேரிங்கைப் பழைய காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். எப்போதோ இழுத்து மூடிய கம்பெனியின் பங்குப் பத்திரம் அது. நாலு மூலையிலும் மயிரிழைக் கோடுகளால் பின்னிய வட்டப் பூ. கடைசல்காரர் பேரிங்கை ஓரமாக வைத்துவிட்டுப் பூவைப் பார்த்தார். யாரும் கையால் வரைந்த பூவாக அது தெரியவில்லை. பல்சக்கரங்களைக் கோத்து, தகட்டைச் சுழலவிட்டு, ஊசியை ஆடவிட்டு எவனோ கடைந்திருக்கிறான். அட, நம்ம ஆள் வேலை! கள்ள நோட்டு அடிக்கிறவன் காப்பியடிக்க முடியாமல் திணற வேண்டும் என்றுதான் அப்படிப் பண்ணினார்கள் என்பது பிறகு தெரிந்தது.

அன்றிலிருந்து செல்லாத நோட்டு, மூடிப்போன வங்கியின் காசோலை, பழைய பத்திரம், அச்சகத்து மாதிரித் தாள் என்று பூ உள்ளதையெல்லாம் சேர்த்தார். மற்றவர்கள் ராஜா தலையையும் வரிசை எண்ணையும் பார்ப்பார்கள். இவர் இதழை எண்ணி, எத்தனை பல் சக்கரம் போட்டிருப்பான் என்று யோசித்துக்கொண்டிருப்பார். பீரோவில் இரண்டு தட்டு காகிதத்துக்குப் போயிற்று. மூன்றாவது தட்டில் மனைவி தன் துணிகளை அடைத்துக் காவல் காத்தாள். "நல்ல நோட்டு இந்த வீட்டுல ஒரு நாள் தங்காது, செத்த நோட்டுதான் குடும்பம் நடத்துது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை, போட்டோ ஸ்டூடியோ மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, சேர்த்ததைக் காட்டி மாற்றிக்கொள்வார்கள். அங்கே பெரிய ஆள் கேஷியர். வங்கியில் முப்பத்து நாலு வருஷம் பணம் எண்ணி ஓய்வு பெற்றவர். தன் விரலை ஏய்த்துவிட்டு ஒரு கள்ள நோட்டுகூடத் தாண்டியதில்லை என்று எல்லாக் கூட்டத்திலும் ஒரு தடவை சொல்லிவிடுவார். வாய் அப்படி, மனசு தங்கம். கடைசல்காரரின் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது நாலு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கூடவே கிடந்தவர் அவர்தான்.

ஒரு கூட்டத்துக்கு கேஷியர் நூறு வருஷத்துக்கு முந்திய தனியார் வங்கி நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நடுவில் பதினாறு இதழ்ப் பூ. அந்த மாதிரிப் பூவைக் கடைசல்காரர் பார்த்ததே இல்லை. பதிலுக்கு அவரிடமிருந்த இரண்டு மாதிரித் தாள்களை கேஷியர் கேட்டார். இரண்டும் கடைசல்காரருக்கு உயிர். இருந்தும் தலையாட்டினார். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத் தாளைக் கொடுத்தால் போதும் என்று நோட்டைக் கையிலேயே கொடுத்தனுப்பினார் கேஷியர்.

வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, லென்ஸை வைத்து, ஊசிமுனையால் கோட்டைத் தொடர்ந்தார் கடைசல்காரர். எந்தப் பூ கிடைத்தாலும் அதுதான் அவர் முதல் வேலை. கடைந்த பூவில் எங்கே ஊசியை வைத்தாலும் கோடு சுற்றிச் சுற்றி, தொடங்கின இடத்துக்கே வந்து சேரும். மிஷினுக்கு வேறு வழி தெரியாது. இந்தக் கோடு பதினோராம் இதழில் அறுந்தது. நாலு தடவை பார்த்தார். நாலு தடவையும் அதே இடம். அரை மயிரிழை தள்ளி மறுபடி தொடங்கியிருந்தது. கை சலித்து எவனோ ஊசியை எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறான்.

கள்ள நோட்டு. அதுவும் கையால் செதுக்கினது.

கடைசல்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. சக்கரம் இல்லாமல் வெறுங்கையால் பத்து இதழ் வரைக்கும் மிஷினோடு மல்லுக்கு நின்றிருக்கிறானே! எந்த ஜெயிலில் செத்தானோ. இரண்டு தாள் என்ன, நாலு கொடுத்தும் வாங்கலாம்.

அங்கேதான் முள் தைத்தது. வாயை மூடிக்கொண்டால் நோட்டு கைக்கு வந்துவிடும், கேஷியருக்கும் கேட்டது கிடைத்துவிடும். சொன்னால் அவருடைய முப்பத்து நாலு வருஷப் பெருமையில் கல் விழும். அப்புறம் முகம் கொடுத்துப் பேசுவாரா? கோபத்தில் நோட்டைக் கிழித்தே போட்டாலும் போடுவார்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் போய்க் கொட்டினார்.

"சொல்லாம வாங்கிட்டு, அதை யாருகிட்ட காட்டிப் பீத்திப்பீங்க?" என்றாள்.

"யாருகிட்டயும் காட்ட மாட்டேன்."

"உங்களாலயா? அறுந்த கோட்டைப் பத்தி நாலு பேருகிட்ட சொல்லாம உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. அவருக்கு மூணாம் மனுஷன் சொல்லித் தெரியறதுக்கு, நீங்களே சொல்லித் தொலைங்க."

மறுநாளே கேஷியர் வீட்டுக்குப் போனார். சுற்றி வளைக்கத் தெரியாத ஆள், உட்காராமலே சொன்னார்.

"சார், இது கள்ள நோட்டு. ஆனா எனக்கு இதுதான் வேணும். பேசின ரெண்டு தாளும் கொண்டாந்திருக்கேன்."

கேஷியரின் முகம் சுண்டிப்போயிற்று. "என் கை பட்ட நோட்டையா சொல்றீங்க? இரும்பு தேய்க்கிறவருக்கு நோட்டைப் பத்தி என்னய்யா தெரியும்?" நோட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. கடைசல்காரர் பட்டறையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். நோட்டு போனது கூட ஆறிவிட்டது. மாடியில் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்ததுதான் ஆறவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம், இரும்புச் சுருள் சிதறிக் கிடந்த தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து கேஷியரே பட்டறைக்குள் வந்தார். பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினார். "எங்க, காட்டுங்க பாப்போம்."

கடைசல்காரர் கையைத் துடைத்துவிட்டு, லென்ஸையும் ஊசியையும் அவரிடமே கொடுத்தார். கேஷியர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இதழ் இதழாகப் போனார். பதினொன்றில் நின்றார். திரும்பப் போனார். திரும்ப நின்றார். அப்புறம் லென்ஸ் அந்த இடத்தை விட்டுவிட்டு, முந்தின பத்து இதழையே மேய ஆரம்பித்தது.

"படுபாவி" என்றார் கடைசியில். "எவ்வளவு நாள் உக்காந்திருப்பான்?"

"ஒரு வருஷமாவது ஆகியிருக்கும் சார். கண்ணே போயிருக்கும்."

"நான் கவுண்டர்ல இருந்திருந்தாலும் வாங்கிப் போட்டிருப்பேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கடைசல்காரர் மெல்ல, தாள்களை எடுத்து வரட்டுமா என்று கேட்டார். கேஷியர் அவசரமாக உறையைப் பைக்குள் தள்ளினார்.

"எதுக்கு? என்னை ஏமாத்தின ஒரே ஆளு. இவனைப் போயா வெளிய அனுப்புவேன்?"

உண்மையைச் சொல்லப் போய் நோட்டு கைநழுவியது. வீட்டில் கதையைக் கேட்ட மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது கூட்டம் இல்லாத ஞாயிறுகளில் கடைசல்காரர் லென்ஸை எடுத்துக்கொண்டு கேஷியர் வீட்டுக்குப் போய்விடுகிறார். மேஜை மேல் நோட்டை விரித்து, தலையோடு தலை முட்ட இரண்டு பேரும் அவன் வேறெங்கே சறுக்கினான் என்று தேடுகிறார்கள். இதுவரை இன்னும் இரண்டு இடம் அகப்பட்டிருக்கிறது. அதில் ஒன்றை முதலில் பார்த்தது யார் என்பதில் மட்டும் இன்னும் தகராறு.