முன்னுரிமையில் வந்த சித்தி

சித்தப்பாவை வீட்டை விட்டு அனுப்பியது பெரியப்பா. திரும்பக் கூட்டிவந்தது அரசாங்கம். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. இடையில் என்ன நடந்தது என்று எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. காதில் விழுந்ததை வைத்து நானே புரிந்துகொண்டேன், அதாவது தப்பாகப் புரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு அஸ்தினாபுரத்தில். ஒரு காலத்தில் ஏரியை ஒட்டி நிலம் வைத்திருந்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப்போக, பெரியப்பா செங்கல், மணல், ஜல்லி விற்கும் கடை போட்டுவிட்டார். அப்பாவும் அதே கடையில்தான் இருந்தார். கடைசித் தம்பியான சித்தப்பா மட்டும் பி.காம். படித்துவிட்டு, போனால் அரசாங்க வேலைக்குத்தான் போவேன் என்று நின்றார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை போய்ப் புதுப்பிப்பார். புதுப்பித்த அன்று வேலையே கிடைத்துவிட்ட மாதிரி எனக்கு முட்டை பப்ஸ் வாங்கி வருவார். பெரியப்பாவுக்கு வயிறு எரியும்.

அந்தச் சித்தப்பா ஒருநாள், ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியில் இருந்த ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். தாம்பரத்தில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்த பெண். தாழ்த்தப்பட்ட சாதி. இதை இன்று நான் பட்டென்று எழுதிவிடுகிறேன். அன்று எங்கள் வீட்டில் "நமக்குச் சரிப்படாது" என்பதற்குமேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். இருவரும் மேடவாக்கத்தில் ஒற்றை அறையில் குடியேறி, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.

அம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் என்னை இழுத்துக்கொண்டு பல்லாவரம் சந்தைக்குப் போவாள். பழைய பாத்திரம் பார்க்கப் போகிறாளாம். அங்கே எப்படியோ சித்தப்பாவும் சித்தியும் எதிரே வந்துவிடுவார்கள். சித்தி எனக்கு ஹேர் கிளிப் வாங்கி, அங்கேயே குத்திவிட்டு, "இன்னாம்மா, உங்க பெரிப்பா நல்லா கீறாரா?" என்று கேட்பார். விரட்டியவரையே விசாரிக்கிறாரே என்று எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை சித்தப்பா ஒரே சிரிப்பாக வந்தார். வழக்கம்போலப் பதிவைப் புதுப்பிக்கப் போயிருக்கிறார். அங்கிருந்த கிளார்க், கல்யாணம் ஆகிவிட்டதா, யாரைக் கட்டினாய் என்று விசாரித்துவிட்டு, கலப்புத் திருமணத்துக்கு முன்னுரிமை உண்டு, தாலுகா ஆபீசில் சான்றிதழ் வாங்கி வா என்று சொன்னாராம். "இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது அண்ணி" என்றார். சித்தி விடவில்லை. "எனுக்கும்தான் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் பிகு பண்ணிகினு இருந்திருப்பேன்."

சான்றிதழை வாங்கிக் கொடுத்த சித்தப்பா, பதிவில் இருந்த பழைய விலாசத்தை மட்டும் மாற்றவில்லை. அம்மா கேட்டதற்கு, "அதுவும் என் வீடுதானே அண்ணி" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு குண்டானுக்கு விலை கேட்டாள்.

அதனால் நேர்முகத் தேர்வுக் கடிதம் அஸ்தினாபுரத்துக்கு வந்தது. பெரியப்பா பிரித்தார். இளநிலை உதவியாளர் வேலை, முன்னுரிமைப் பிரிவு. மறுபடியும் படித்தார். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் அரசாங்கச் சம்பளம் வாங்கியதில்லை. தம்பியை விடவும் முடியாது, கல்யாணத்தை விழுங்கவும் முடியாது. கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். சாயங்காலத்துக்குள் டீக்கடைவரை சேதி போய்விட்டது. தம்பி வேலைக்காகத்தான் அந்தப் பெண்ணைக் கட்டினானாம். என்ன மூளை பாருங்கள் என்று தெருவே வியந்தது. ஆசைப்பட்டுக் கட்டினால் மானக்கேடு, அரசாங்க வேலைக்காகக் கட்டினால் கெட்டிக்காரத்தனம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வரட்டும், கடிதத்தைக் கையில் தருகிறேன் என்று அப்பாவைத் தூது அனுப்பினார். தேர்வுக்கு நாள் நெருங்கிவிட்டது. கடிதம் இல்லாமல் போனால் உள்ளே விடமாட்டார்கள் என்று சித்தப்பாவுக்குப் பயம். வந்தார்கள். சித்தி எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான். நான் ஓடிப்போய் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டேன். பெரியப்பா சாட்சிக்கு மூன்று நான்கு சொந்தக்காரர்களையும் வரவழைத்திருந்தார்.

சாம்பார் முடிந்து ரசத்துக்கு வரும்போது பெரியப்பா ஆரம்பித்தார். கடிதம் அவர் சட்டைப்பையில் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. "ஊரே வருஷக்கணக்கா காத்துக் கிடக்குது, என் தம்பி எப்படி முன்னால போனான் பாத்தீங்களா?" என்று சொந்தக்காரர்களைப் பார்த்துக் கேட்டுவிட்டு, சித்தப்பா பக்கம் திரும்பினார். "நீயே சொல்லுடா. அதுக்குத்தானே கட்டின?"

சித்தப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அம்மா ரசக் கரண்டியோடு அசையாமல் நின்றாள். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் சித்தி நிமிர்ந்து சிரித்தார். "அய்ய, அவுருக்கு ஏது மாமா அவ்ளோ மூள? நான்தான் சொன்னேன். என்னக் கட்டிக்கோ, கவர்மெண்டு வேல கியாரண்டின்னு."

வீடே கொல்லென்று சிரித்தது. பெரியப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கடிதத்தை எடுத்து நீட்டினார். சித்தியின் இலையில் இன்னொரு வடை வைக்கச் சொன்னார். சித்தப்பாவுக்கு அந்த வேலை கிடைத்தது. இன்றுவரை எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பெரியப்பா இந்தக் கதையைச் சொல்வார், சித்தியும் சிரிக்கவேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பார். அம்மா மட்டும் எழுந்து போய்விடுவாள்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் அவர்களைப் பஸ் ஏற்றிவிட நானும் தெருமுனைவரை போனேன். இருவருக்கும் நடுவில் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் சித்தப்பா சித்தியிடம், "நீ ஏன் அப்படிச் சொன்ன?" என்றார்.

எங்கள் வீட்டில் 'அவுரு' என்று சொன்ன சித்தி, தெருவில் பழையபடி 'நீ' என்றார். "நீ வாயத் தொறந்து ஆமான்னு சொல்லிட்டா, அத நான் காலம் பூரா கேட்டுகினே இருக்கணும். அதான் நானே சொல்ட்டேன்."

சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார். அந்த நகைச்சுவையைத் தானே சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார், சித்தி முந்திக்கொண்டார், அதில்தான் கோபம் என்று நான் நினைத்தேன். பாவமாக இருந்தது.

"பரவால்ல சித்தப்பா, அடுத்த தடவ நீங்க சொல்லுங்க" என்று அவர் கையை ஆட்டினேன். சிரிப்பார் என்று அண்ணாந்து பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.