நான் அழித்த கடைசிப் பக்கங்கள்

தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த மகள், துணிமணிகளோடு பாதி முடிந்த முனைவர் பட்ட ஆய்வையும் கொண்டுவந்தாள். கிராமத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் பாடம் படிக்கும்போது எப்படிக் கற்கிறார்கள் என்பது அவள் தலைப்பு. அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு வருடம் உட்கார்ந்து, ஒரு மவுசுக்கு மூன்று பிள்ளைகள் அடித்துக்கொள்வதையெல்லாம் நோட்டில் எழுதியிருந்தாள். மிச்சம் ஒரே ஓர் அத்தியாயம்: இதைப் பற்றி மற்றவர்கள் இதுவரை என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது. ஏற்கெனவே ஒருமுறை அவகாசம் நீட்டி வாங்கியாகிவிட்டது. இரண்டு மாதத்தில் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

ஏழாம் மாதத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. படுக்கையை விட்டு எழக் கூடாது என்றார் டாக்டர்.

"விட்டுடும்மா. கொழந்த நல்லபடியா பொறக்கட்டும், அது போதும்," என்றேன்.

"நெட்டுல இருக்கிற கட்டுரைகள நீ போய் எடுத்துக்கிட்டு வா. நான் படுத்துக்கிட்டே படிக்கிறேன்."

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது, இன்டர்நெட் இல்லை. எனவே வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வேலை முடிந்ததும், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் பஸ் ஏறினேன். இரண்டு பக்கமும் வெள்ளைக்காரர்கள் ஊருக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருக்க, நடுவில் நான், மகள் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டோடு. கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பத்திரிகைகளை முழுசாக இலவசமாகப் படிக்கலாம், எவை சுருக்கத்தை மட்டும் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தும் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

கட்டுரைகளை வேர்டில் ஒட்டி, ஃப்ளாப்பியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவேன். ஃப்ளாப்பி சீக்கிரம் நிரம்பிவிடும்.

"எடம் பத்தலை மேடம். எதையாச்சும் எடுங்க," என்றார் பாய்.

ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் மூன்று நான்கு பக்கத்துக்குப் பெயர்களும் வருடங்களுமாக இருந்தன. கல்யாணப் பத்திரிகையின் கடைசியில் மாமன், மச்சான், பேரப்பிள்ளைகள் பெயரையெல்லாம் போடுவார்களே, அதுபோல என்று நினைத்தேன். அழித்தேன். இரண்டு கட்டுரை ஏறிய இடத்தில் மூன்று ஏறின. எனக்கு ஒரே பெருமை.

ஐந்து வாரத்தில் நாற்பது கட்டுரைகள் சேர்ந்தன. அத்தியாயத்தை முடித்துவிட்டு ஒரு சாயங்காலம் மகள் கேட்டாள்: "பட்டியலெல்லாம் தனி ஃப்ளாப்பியில வெச்சிருக்கியாம்மா?"

"என்ன பட்டியல்?"

"ஒவ்வொரு பேப்பர் கடைசியிலயும் இருக்குமே."

"அதுவா? பேருங்கதானே, எடம் பத்தலைனு எடுத்துட்டேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அடுத்த நாள் டாக்டரிடம் கூட்டிப்போனபோது அழுத்தம் இன்னும் ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். அழித்தது நான், ஏறியது அவளுக்கு. இத்தனை வருடம் கழித்தும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் காற்றடிக்கும் சத்தம் கேட்டால் அறையை விட்டு எழுந்து போய்விடுகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளே பேசினாள். "உங்க ஆபீஸ் லெட்டர்ல மேல 'பார்வை'னு போடுவீங்களே, எந்தக் கடிதம், என்ன நம்பர், என்ன தேதினு? அதும்மா அது. கட்டுரைக்குள்ள பேரும் வருசமும் மட்டும்தான் இருக்கும், முழு விவரம் அந்தப் பட்டியல்லதான். அது இல்லாம நான் சொல்ற எதையும் யாரும் நம்ப மாட்டாங்க."

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. பார்வை இல்லாமல் வந்த எத்தனை கடிதங்களைத் திருப்பி அனுப்பியவள் நான்! "பார்வை எங்கப்பா?" என்று என்னைப் போலவே கேட்டுப் பியூன்கள்கூட என்னைக் கேலி செய்வார்கள்.

மறுநாளே லீவு போட்டேன். ஆபீசில் ஒவ்வொருவரும் தன்னிடம் வரும் கடிதங்களைப் பதிந்து வைக்கும் தன்பதிவேடு மாதிரி ஒரு நோட்டில் கோடு போட்டேன். வரிசை எண், எழுதியவர், வருடம், பத்திரிகை, எங்கே கிடைத்தது, கடைசிக் கட்டம், வேலை முடிந்ததும் எழுத 'முடிவு'. நாற்பது கட்டுரைகளையும் முதலிலிருந்து தேடினேன். பல பக்கங்கள் இருந்த இடத்தில் இல்லை.

"அட்ரஸ் மாறியிருக்கும் மேடம். தலைப்ப முழுசா அடிச்சு, முன்னாடி பின்னாடி மேற்கோள் குறி போட்டுத் தேடுங்க," என்றார் பாய்.

அப்படித் தேடியதில் ஒவ்வொன்றாக அகப்பட்டன. காணாமல் போன பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேர்த்து வைக்கும் தளம் ஒன்றையும் அவர் காட்டினார். பத்து நாளில் முப்பத்தொன்பது கட்டங்களில் 'முடிவு' விழுந்தது. பாக்கி ஒன்று. ஒரே மவுசைப் பங்கு போடும் பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை. மகளின் வாதமே அதன் மேல்தான் நின்றது. பத்திரிகையின் தளம் இப்போது பாஸ்வேர்டு கேட்டது.

"எழுதினவங்க மெயில் ஐடி முதல் பக்கத்துலயே இருக்கே, கேளுங்க மேடம். குடுத்தா வாங்கிக்கலாம். திட்டினா அவங்க ஊர்லதானே திட்டப் போறாங்க."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஆபீஸ் இங்கிலீஷ்தான். பொருள்: தங்கள் கட்டுரையின் கடைசிப் பக்கங்கள் வேண்டுதல் தொடர்பாக. பார்வை: தங்கள் கட்டுரை. கீழே, என் மகள் படுக்கையில் இருக்கிறாள், தவறு என்னுடையது என்று எழுதினேன்.

பாய் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பதில் வரலைன்னா மெமோ குடுப்பீங்களா மேடம்?"

மூன்றாம் நாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வேங்கிக்காலிலிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். எல்லாரும் மலையைச் சுற்ற, நான் மெயில் பார்க்கப் போனேன்.

பதில் வந்திருந்தது. கட்டுரையை எழுதிய அம்மாள் என்னைப் போலவே பொருள் போட்டு, பார்வையில் என் கடிதத்தைக் குறித்து, முழுக் கட்டுரையையும் இணைத்திருந்தார். இன்னும் அச்சுக்குப் போகாத வேறு இரண்டையும் சேர்த்திருந்தார். கடைசி வரியில், மகள் நலமா என்று கேட்டிருந்தார். "வந்துட்டுது பாய்!" என்று நான் போட்ட சத்தத்தில் வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் டீ சொன்னார்.

கெடுவுக்கு நான்கு நாள் முன்னால் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

வாய்மொழித் தேர்வுக்கு நானும் போனேன். பின் வரிசையில், மடியில் பேத்தி, பையில் அந்த நோட்டு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் பின்பக்கத்திலிருந்து திறந்தார். மெதுவாகப் பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார்.

"இதுல அச்சாகாத கட்டுரைகூட இருக்கே. எப்படிக் கெடைச்சுது?"

"எங்க அம்மா எழுதிக் கேட்டாங்க சார். இந்தப் பட்டியலே அவங்க சேர்த்ததுதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, என் மாணவருங்க நாலு பேர் இருக்காங்க. அனுப்பி வைக்கட்டுமா?"

அறை முழுக்கச் சிரித்தது. பட்டம் அளிக்கப் பரிந்துரைப்பதாக அவர் அறிவித்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை, பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் நோட்டை எடுத்து, பட்டம் வரட்டும் என்று காலியாக விட்டுவைத்திருந்த நாற்பதாவது வரிசையின் கடைசிக் கட்டத்தில் 'முடிவு' என்று எழுதினேன். மடியில் பேத்தி புரண்டதில் எழுத்து கோணலாக விழுந்தது. திருத்தவில்லை.