டூசானில் எங்கே சாப்பிடுவது

டூசான் அமெரிக்காவில் பாலைவனத்துக்குள் இருக்கும் நகரம். அங்கே மெக்சிகோச் சாப்பாட்டுக்கு எந்தக் கடை நல்லது என்று நாங்கள் குடியிருக்கும் டீட்டிகோனில் இருந்துகொண்டு ஒரு மாதமாக நான் தேடியதில் மனைவிக்கு எரிச்சல் வந்துவிட்டது. அங்கே படிக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம், போவதே பத்து நாள். ஆனால் என் அண்ணையும் அதே நகரத்தில்தான் இருக்கிறார். அவர் வீட்டில் கை நனைப்பதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன்.

காரணம் பழையது. மகள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டைச் சோலோதுர்னில் மண்டபம் எடுத்துச் செய்தோம். அண்ணை அமெரிக்காவிலிருந்து வந்தார், படத்துக்கு நின்றார், சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். சொந்தத் தமையன் நல்ல நாளில் சாப்பிடாமல் போனால் சபையில் என் முகத்தை எங்கே வைப்பது? ஒன்பது வருடமாக நாங்கள் கதைக்கவில்லை. இப்போது அவர் ஊருக்கே போய், அவர் அறியக் கடையில் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். அவ்வளவு நல்ல மனம் எனக்கு.

ஓல்டனில் முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்பவள் மெக்சிகோக்காரி. அவளுடைய தங்கை டூசானில் இருக்கிறாள். கரட் சீவும்போதெல்லாம் அவளை நச்சரித்தேன். சுவரில் பெரிய தொப்பி மாட்டிய கடைக்குப் போகாதே, வேலையாட்கள் காலையில் வரிசையில் நிற்கும் கடைக்குப் போ, கோதுமை ரொட்டி மெல்லிசாக இருக்கவேண்டும் என்றாள். கடைசியில் தொல்லை தாங்காமல் ஒரு தாளில் ஐந்து கடைகளின் பெயரை எழுதித் தந்தாள். நான்கு கடைகள் சுட்ட மாட்டிறைச்சிக்குப் பேர்போனவை. எனக்கு அது எப்போதோ பழகிவிட்டது.

ஒருநாள் காலை வேலை முடிந்து, பின்னேரம் மூன்று மணிக்கு ஓல்டன் ஸ்டேஷனில் நிற்கும்போது மகளிடமிருந்து அழைப்பு வந்தது. நான் கடைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்க, அவள் இடைமறித்தாள். ஒவ்வொரு ஞாயிறும் பெரியப்பா வீட்டில்தான் சாப்பிடுகிறாளாம். உன் சாமத்திய வீட்டில் சாப்பிடாமல் போனவர் வீட்டிலோ என்றேன்.

"அப்பா, அண்டைக்குத் தன்னை ஒருத்தரும் சாப்பிட வாங்கோ எண்டு கேக்கேல்லையாம். அதுதான் பெரியப்பா எழும்பிப் போனவர்."

ரயில் வந்தது, நான் ஏறவில்லை. அன்றைக்கு ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சாப்பிடச் சொன்னவன் நான். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தையும் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். அண்ணையிடம் மட்டும் போகவில்லை. அவர் எங்கள் வீட்டு ஆள், வீட்டு ஆளை யார் கூப்பிடுவார்கள் என்று இருந்துவிட்டேன். அவரோ கடல் தாண்டி வந்து, தம்பி ஒரு வார்த்தை சொல்வான் என்று கதிரையில் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கோபமும் வந்தது. தானே ஒரு தட்டை எடுத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? அடுத்த ரயிலில் ஏறி, கதவு மூடுமுன் இறங்கினேன். மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். டூசானில் அப்போது விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். மகள் எப்போதோ அனுப்பி, நான் அழிக்காமல் வைத்திருந்த எண்ணை அழுத்தினேன்.

அண்ணை உடனே எடுத்தார். பயணம் எப்போது, எத்தனை பெட்டி என்று நேற்றும் கதைத்தவர்போலக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டுக்கு வருவாயோ என்றார். எங்களுக்கு ஒன்றும் சமைக்கவேண்டாம் என்று சொல்லத்தான் ஒரு மாதமாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அண்ணை, வந்து இறங்கிற அண்டைக்கு நீங்கள் எங்களோட சாப்பிட வாங்கோ. நான் கூப்பிடுறன்."

அண்ணை செருமினார். மாடு இல்லாத கடையோ என்று கேட்டார். அவர் மாடு தொடமாட்டார் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. தாளைச் சுவரில் வைத்து நான்கு கடைகளின் பெயரைக் கோடிட்டு வெட்டினேன். ஐந்தாவதில் மிளகாய்க்குள் சீஸ் அடைத்துப் பொரித்துக் கொடுப்பார்களாம். அதன் பெயரைச் சொன்னேன்.

"நேரத்தைச் சொல்லு," என்றார் அண்ணை. "நான் வெள்ளனவே போய் இருக்கிறன்."