விஜயகுமாரியின் பெட்டியும் இரண்டு கல்லும்

தீவு ஊரான ஹட் பேயில் கப்பலேறிப் போகிறவர்கள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டிலும் சீரியலை விஜயகுமாரியிடமும் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். சாவி தொலைந்தால் பூட்டை உடைக்கலாம். சீரியல் தொலைந்தால்?

விஜயகுமாரிக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு சமைப்பவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இங்கே எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். பனை போய்விட்டது. மகளிடம் இருப்பது ரெக்கார்டிங் வசதியுள்ள ஒரு செட்டாப் பாக்ஸும், அதன் முதுகில் தொங்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும். மழை தூறினால் நெட் படுத்துவிடுகிற ஊரில் இந்தப் பெட்டிக்கு இருக்கும் மரியாதை பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. பெட்டிக்கு ஒரு குணமும் உண்டு. தான் பதிந்ததைத் தான் மட்டுமே காட்டும். டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் செருகினால், ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?’ என்று கேட்கும், மாற்றலாகி வந்த அதிகாரி முதல் நாளில் கேட்பது போல.

விஜயகுமாரியின் தம்பி ரவிக்குமார், தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலொன்றில் தற்காலிக மாலுமி. அந்தத் தற்காலிகத்துக்குப் பதினோரு வயது. இந்த டிசம்பரில் பணி நிரந்தரம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தபோதுதான், ஒரு வியாழக்கிழமை மதியம் தலைநகரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் அது நடந்தது. கப்பலிலிருந்து இறங்கும் படியில் ஓர் அதிகாரி கொண்டுவந்த ஐம்பத்தைந்து அங்குல டிவி, அட்டைப்பெட்டியோடு கடலில் இறங்கிவிட்டது. படியருகே நிற்க வேண்டியவர் ரவிக்குமார். ‘நிற்கவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார்’ என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை விசாரணை. நின்றதை நிரூபிக்காவிட்டால் நிரந்தரமும் இல்லை, தற்காலிகமும் இல்லை.

அதே கப்பலில்தான் கோப்பை வென்ற ஒரு பள்ளிக் கால்பந்து அணியும் வந்து இறங்கியது. லோக்கல் சேனல் கேமராவோடு வந்து எடுத்து, அன்று மாலைச் செய்தியில் காட்டியது. விஜயகுமாரி தினமும் அந்தச் செய்தியைப் பதிவு செய்வார். ஆனால் பார்ப்பது கடைசியில் வரும் கப்பல் நேர அறிவிப்பை மட்டுமே. மற்றதையெல்லாம் ஓட்டிவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை ரவிக்குமார் போன் செய்தார்.

“அக்கா, கல் கா நியூஸ் எனக்கு வேணும். என் வேலையே அதுலதான் இருக்கு. டிஸ்க்ல பத்திரமா…”

சிக்னல் செத்தது.

தமிழில் கல் என்றால் கல்தான், காலில் விழுந்தால் வலிக்கும். தீவு ஹிந்தியில் கல் என்றால் நேற்று. நாளையும் அதுவே. வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் தமிழரும் இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை வருடமாகக் கல்யாணம் பேசுகிறார்கள், வாய்தா வாங்குகிறார்கள். எப்படியோ நடக்கிறது.

விஜயகுமாரி நாளை என்று எடுத்துக்கொண்டார். டிஸ்க்கில் இடம் இல்லை. மற்றதெல்லாம் ஊர்ச்சொத்து, அவருடையதென்று இருந்தது நேற்றைய செய்தி ஒன்றுதான். ‘நிச்சயமாக அழிக்கலாமா?’ என்று பெட்டி கேட்டது. தம்பி வேலை விஷயம், தயங்க முடியுமா? அழுத்தினார்.

சனிக்கிழமை மாலை மறுபடியும் போன்.

“வியாழக்கிழமை நியூஸ்ல நான் தெரியுறேனாக்கா?”

“வியாழனா? நீ கல்னுதானடா சொன்ன? இன்னிக்கு வர்ற நியூஸுக்கு டைம் போட்டு வச்சிருக்கேன்.”

“அரே, கல்னா நேத்துக்கா!”

“கல்னா நாளைக்குடா! நடக்கப் போறதுக்குத்தான் ரெக்கார்டிங் போடுவாங்க, நடந்து முடிஞ்சதுக்கா போடுவாங்க?”

“சரி, சரி. வியாழன் இருக்கா இல்லையா?”

விஜயகுமாரி டிவியில் பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார்.

“உனக்கு எடம் வேணுமேன்னு… அழிச்சிட்டேன்டா தம்பி.”

சேனலில் கேட்டால், விண்ணப்பம் எழுதுங்கள், பதினைந்து வேலை நாளில் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் அங்கிருந்த ஒருவர் போகிற போக்கில் சொன்னார்: ஞாயிறு ஐந்து மணி வாரத் தொகுப்பில் கால்பந்து மறுபடி வரும். இருந்த ஒரே நூல் அதுதான். அதிலும் இரண்டு முடிச்சு. ஞாயிறு நாலிலிருந்து ஆறு வரை விஜயகுமாரி இருக்கும் பகுதியில் கரண்ட் கட். தொகுப்பு ஒரு மணி நேரம் ஓடும், டிஸ்க்கில் அவ்வளவு இடம் கிடையாது.

அடுத்த கட்டடத்தில் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் சிவகங்கைக்காரர் சொக்கலிங்கத்திடம் விஜயகுமாரி போய் நின்றார்.

“அண்ணே, உங்க இன்வெர்ட்டர்லேருந்து எங்க வீட்டுக்கு ஒரு வயர் இழுக்கணும். ஃப்ரீசரை ரெண்டு மணி நேரம் நிறுத்தி வச்சாப் போதும்.”

“என் ஐஸ்கிரீம் பாயாசமாப் போயிரும் தாயி.”

“இன்னொண்ணும் இருக்கு. என் டிஸ்க்ல இருக்கற உங்க ஃபைனல் மேட்ச்சை அழிக்கணும்.”

“ஐஸ்கிரீம் போனாப் போகுது! மேட்ச்சத் தொட்ட, அவ்வளவுதான்.”

“பதினோரு தடவ பாத்துட்டீங்க. ஜெயிச்சாச்சுண்ணே. இனிமே தோக்க மாட்டாங்க.”

சொக்கலிங்கம் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு கேக்குறேன். ஒந்தம்பி நெசமாவே அங்கனதான் நின்னானா?”

விஷயம் தெரிந்ததிலிருந்து தனக்குள் கேட்டுக்கொள்ளாமல் விஜயகுமாரி தள்ளிவைத்திருந்த கேள்வி அது. டீக்கு ரவிக்குமார் எதையும் விட்டுவிட்டுப் போவார். தங்கள் கல்யாண மேடையிலிருந்தே போனவர் என்று அவர் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவார்.

“தெரியலண்ணே.”

“அப்ப பாத்துருவோம். அழி!”

ஞாயிறு நாலு மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் வயர் வேலியைத் தாண்டி, ஜன்னல் வழியே வந்து பெட்டியிலும் டிவியிலும் ஏறியது. ஐந்துக்குச் சிவப்புப் புள்ளி எரிந்தது. மீன்வளக் கண்காட்சி. தூய்மை உறுதிமொழி. கண்காட்சியைத் திறந்தவரே உறுதிமொழியும் எடுத்தார். ஐந்தரைக்குத் தகரக் கூரையில் மழை விழுந்தது. படம் சதுரம் சதுரமாக உடைந்தது, சேர்ந்தது, திரும்பவும் உடைந்தது. விஜயகுமாரி ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அதை விட்டால் மழை வலுத்துவிடும் என்பது போல.

ஐந்து நாற்பத்தொன்றுக்குக் கோப்பை வந்தது. பையன்கள் கூச்சலிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் படி. நாலே விநாடி. படியின் அடியில் ரவிக்குமார், இரண்டு கையும் கயிற்றில், மேலே பார்த்து ஏதோ கத்துகிறார். மேலே அதிகாரி. ஒரு கை அட்டைப்பெட்டியின் மேல். மறு கையில் உயர்த்திய மொபைல், கோப்பையோடு தன் முகத்தையும் சேர்த்துப் பிடிக்க. அட்டைப்பெட்டியின் மேலிருந்த கையை எடுத்துத் தலைமுடியைச் சரிசெய்கிறார்.

படம் உடைந்தது.

“திரும்பப் போடு,” என்றார் சொக்கலிங்கம். அன்று அதை ஒன்பது தடவை பார்த்தார். ஃபைனலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மொபைலில் டிவியைப் படமெடுத்து அனுப்பினால், ரவிக்குமாரின் முகம் இட்லி மாதிரி தெரிந்தது. விசாரணை அலுவலகம் ஒரிஜினல் வேண்டும் என்றது. ஒரிஜினல் பேசுவது ஒரே ஒரு பெட்டியில். ஆகவே திங்கட்கிழமை விஜயகுமாரி பெட்டியையும் டிஸ்க்கையும் துண்டில் சுற்றி, அரிசிப் பையில் போட்டுக் கப்பலேறினார். அலை தூக்கிப் போட்ட எட்டு மணி நேரமும் அது மடியை விட்டு இறங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் சாமி சிலை என்று நினைத்து ஒருமுறை கும்பிட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை விசாரணை அதிகாரியின் அறை டிவியில் வயரைச் செருகினார்கள். படம் வந்தது.

“யே கப் கா ஹை?” எப்போது எடுத்தது என்று அதிகாரி கேட்டார்.

விஜயகுமாரியின் நாக்கு நுனிவரை அந்தக் கல் வந்தது. விழுங்கினார்.

“பதினாறாம் தேதி, சாப். வியாழக்கிழமை. மத்தியானம் மூணே கால்.”

அதிகாரி நாலு தடவை பார்த்தார். மூன்றாவது தடவையிலேயே டிவியைத் தொலைத்தவர் தரையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

“டீக் ஹை,” என்றார் அதிகாரி. “ரவிக்குமார் டியூட்டி பே ஜாவோ. ஆர்டர் கல் மில் ஜாயேகா.” வேலைக்குத் திரும்பலாம், ஆர்டர் கல் கிடைத்துவிடும்.

ரவிக்குமார் சல்யூட் அடித்துவிட்டு வாசலுக்கே போய்விட்டார். டீ நேரம். விஜயகுமாரி வயரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார்.

“எந்தக் கல், சாப்? தாரீக் லிக் தீஜியே.”

அதிகாரி ஒரு காகிதத்தை இழுத்துத் தேதியை எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டார். விஜயகுமாரி அதை இரண்டு தடவை படித்தார். பிறகுதான் வயரைப் பிடுங்கினார்.