ஒரே ஒரு சீர்த்தட்டு

பீர்க்கன்கரணையில் வயலை விற்றவர்கள் பலர். விற்ற பணத்தைத் தெருவுக்குக் காட்டாமல் வீட்டுக்குள் வைத்துக்கொண்டவர் ஒருவரும் இல்லை. தையல்நாயகியின் கணவன் சம்பந்தம் மட்டும் தனிப்பிறவியா என்ன? எண்பத்து நாலில் ஏரிப் பாசனத்து வயலை ஒரு புரோக்கர் கையில் கொடுத்தான். அந்த ஆள் வெள்ளையடித்த கல் நட்டு, தன் அம்மா பெயரை வைத்து நகர் ஆக்கினான். சம்பந்தம் ஒரு புல்லட் வாங்கினான். நெல் விளைந்த காலத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்குப் பார்த்த மனுஷன், நோட்டுக் கட்டைக் கண்டதும் ஜமீன்தார் ஆகிவிட்டான்.

மறு வருஷமே அவன் தங்கை கங்கையம்மாளின் மூத்த மகள் பெரியவளானாள். தாய்மாமன் சீர் என்றால் இந்தப் பக்கத்தில் என்ன கொண்டுவந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை தட்டு என்றுதான் கேட்பார்கள். மண்டப வாசலில் மைக் பிடித்தவன் அந்த எண்ணிக்கையைக் கத்துவான். சம்பந்தம் ஐம்பத்தொன்று போதும் என்றான். நூற்றியொன்று ஆக்கச் சொன்னவள் தையல்நாயகிதான். அத்தனை தட்டையும் நிரப்ப வேண்டுமே! ஒரு தட்டில் ஒரு சீப்பு, அடுத்ததில் ஒரு கண்ணாடி, ஒரே பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து இரண்டு தட்டில் பரப்பினார்கள். பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் பட்டுப்புடவை சரசரக்க நடந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வயல் காசு மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. புல்லட்டும் போயிற்று. தன் வயலில் எழுந்த நகருக்கே மணல் லாரி பிடித்துக் கொடுக்கும் புரோக்கராக சம்பந்தம் அலைந்தான். ஓர் ஆடி மாதத்தில் உலை வைக்க அரிசி இல்லை. நூற்றியொரு தட்டையும் விரல் விட்டு எண்ணிய தெருவில் ஒருவர்கூட என்ன ஏது என்று எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்குத் தையல்நாயகிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தெருவின் மேல் பாதி, தன் மேல் பாதி.

தொண்ணூற்று மூன்றில் கங்கையம்மாளின் இளைய மகள் பெரியவளானாள்.

"பெரியவளுக்கு நூத்தியொண்ணு வச்சீங்கோ அண்ணி. சின்னவளுக்கு ஒண்ணு கொறஞ்சாலும் என் மாமியா வூட்ல நான் தலைகாட்ட முடியாது" என்று வந்து நின்றாள் கங்கையம்மாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் சம்பந்தத்தின் கண் மஞ்சக்காணி மீது விழுந்தது. கல்யாணத்தின்போது தையல்நாயகியின் அப்பா அவள் பேருக்கு எழுதிக் கொடுத்த மனை அது, ஏரிக்கரை ஓரம். மிச்சம் இருந்ததே அது ஒன்றுதான். ஒரு நிலப் புரோக்கரிடம் பேசி, அட்வான்ஸோடு வரச்சொல்லியும் விட்டான்.

"அந்த எடம் சும்மாதானே கீது, முள்ளு மொளச்சிகினு" என்றான்.

"மொளைக்கட்டும். மொளைக்கறதுக்காவது மண்ணு கீதில்ல."

"என் மானம் போவுதுடி!"

"பிஸ்கோத்து தட்டுல கீற மானம் போனா போவட்டும். நான் கையெழுத்து போட மாட்டேன்."

புரோக்கர் வந்தான், தண்ணீர் குடித்தான், போனான். சம்பந்தம் சீருக்கே வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டான். தையல்நாயகி தனியாகக் கிளம்பினாள். ஒரே ஒரு தட்டு. அதில் பாவாடை தாவணி, மஞ்சள், பூ, கையிலிருந்த காசில் வாங்கிய ஒரு தங்க மூக்குத்தி. வாத்தியம் இல்லை, வெடி இல்லை. தட்டைத் தன் கையில் ஏந்தித் தெரு நடுவே நடந்தாள். மண்டப வாசலில் நின்றவர்கள் அவளைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா, மீதி தட்டுங்கோ பின்னால வருதா?" மைக் வைத்திருந்தவன் ரகசியமாகக் கேட்டான்.

"ஒண்ணும் வரல. ஒரு தட்டு. சத்தமா சொல்லு."

அவன் மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், மறுபடி இறக்கினான். அவள் மைக்கை வாங்கினாள். "தாய்மாமன் சீரு, ஒரு தட்டு! கடன் இல்லாத தட்டு!"

கங்கையம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ சிரித்தார்கள். தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டு ஓடிவிடுவாள் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான். முதல் பந்தியில் போய் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

கங்கையம்மாள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். சம்பந்தமும் வீட்டில் ஊமையானான். தையல்நாயகி அதற்கெல்லாம் மசியவில்லை. வளையலை விற்று, முள்ளை வெட்டி, அந்த மனையில் இரண்டு போர்ஷனுக்கு அஸ்திவாரம் தோண்டினாள். மூன்றாம் நாள் காலை ஒரு மணல் லாரி வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து இறங்கியவன் சம்பந்தம். மண்வெட்டியை எடுத்து மணலைத் தள்ள ஆரம்பித்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் போட முடிந்தது. ஆனாலும் சானடோரியத்தில் வேலைக்குப் போகிற இரண்டு குடும்பங்கள் குடிவந்தன. ஒவ்வொரு மாதமும் வாடகை வந்தது. அதைத் தெருவில் யாருக்கும் அவள் காட்டவில்லை.

மூன்று வருஷம் கழித்து அவள் மகள் பெரியவளானாள். சேதி கேட்டு மண்ணிவாக்கத்திலிருந்து அவள் தம்பி அரிகிருஷ்ணன் வந்தான். அவன்தான் தாய்மாமன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அக்கா முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"நூத்தியொண்ணு தட்டுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன்க்கா. பேண்டும் சொல்லிட்டேன்."

"எதை வித்த?"

"கெணத்து மேட்டு நெலம். அட்வான்ஸ் வாங்கிட்டேன். திங்கக்கெழம ரிஜிஸ்டர்."

தையல்நாயகி காபி டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். "ஒரு தட்டு எடுத்துகினு வா. ரெண்டாவது தட்டு வந்துச்சுன்னா, உன்னையும் தட்டையும் வாசல்லயே நிக்க வச்சிடுவேன்."

"ஊரு இன்னா சொல்லும்க்கா?"

"மைக்கை என் கையில குடுக்கச் சொல்லு. இன்னா சொல்றதுன்னு நான் சொல்றேன்."

அரிகிருஷ்ணன் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். புரோக்கர் ஆபீசைப் பூட்டுவதற்குள் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று, காபியைக்கூடக் குடிக்காமல் ஓடிப்போய் வண்டியை உதைத்தான்.